மரத்திற்கேற்ற அரம்

அயல் மாநிலங்களில் குடித்தனம் நடத்தும் தமிழ் அன்பர்களுக்கு, வீட்டிலுள்ள மரப்பொருள் ஒன்று பழுதுபட்டால் உண்டாகும் தொல்லை நன்கு தெரிந்ததே. சொந்த ஊராயின் தெருக்கோடியில் ஓர் ஆசாரி இருப்பார். மத்தின் காம்பு முறிந்தாலும், அரிவாள்மணைப் பலகை வெடித்தாலும் அவரிடம் எடுத்துச் சென்று, பக்கத்தில் நின்று, ‘இங்கே சற்றுக் குறையுங்கள், அங்கே சற்று விட்டுவையுங்கள்’ என்று சொல்லிச் செய்து வாங்கி வரலாம். தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ அடுக்குமாடி வீட்டின் நான்காம் தளத்தில் வாழ்பவருக்கு அந்த வசதி இல்லை. அங்கும் தச்சர்கள் உண்டு. கைத்திறன் மிக்கவர்களே உண்டு. ஆனால் கதவும் அலமாரியும் செய்து நாட்கூலி பெறும் ஒருவர், ஒரு மத்துக் காம்பிற்காக அரைநாளை ஒதுக்குவது அவருக்குக் கட்டுப்படியாகாது. அவரைக் குறை கூறுவதற்கில்லை.

எங்கள் இல்லத்தில் பழுதுபட்டது மத்து அன்று, கைத்தடி. எழுபத்தெட்டு வயதுடைய தந்தையார் கும்பகோணத்தை அடுத்த எங்கள் கிராமத்திலிருந்து தில்லிக்கு எங்களோடு வசிக்க வந்தபோது கையோடு கொண்டு வந்த தடி அது. ஒரு குளிர்காலக் காலையில் அவர் கையிலிருந்து நழுவி, மாடிப்படிகளில் உருண்டு விழுந்து, கைப்பிடி இரண்டாகப் பிளந்துவிட்டது. கடையில் கிடைக்கும் அலுமினியத் தடி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். அதன் பிளாஸ்டிக் பிடி எல்லோருடைய கைக்கும் பொதுவாக வார்க்கப்பட்டது. மூட்டுவாதத்தால் கட்டைவிரல் உள்நோக்கி மடங்கிவிட்ட அவருடைய கைக்கு மட்டும் அது பொருந்தவில்லை. ஒரு வாரத்தில் உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. பத்தாம் நாள் அவர் அத்தடியை மூலையில் சாத்திவிட்டு, வெளியே செல்வதையே நிறுத்திக் கொண்டார். பூங்காவில் அவரோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே மலையாளப் பெரியவர் ஒருவரும் பஞ்சாபிப் பெரியவர் ஒருவரும் உண்டு. அவ்விருவரும் வீடு தேடி வந்து நலம் விசாரித்த அன்று, புதிய பிடியை நாமே செய்துவிடுவது என்று முடிவு செய்தோம். பேனாவைத் தவிர வேறு கருவி பிடித்தறியாத நாம் அம்முயற்சியில் அரத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டவற்றில், பிறருக்குப் பயன்படத் தக்கவற்றை இங்கே கூறுகிறோம்.

மரத்தில் வளைவான உருவத்தை உண்டாக்க உளியும் கத்தியும் உதவும். ஆனால் அவை பழகிய கைக்கு உரியவை. மரத்தின் இழை ஓடும் போக்கை அறியாமல் செலுத்தினால், எடுக்க வேண்டாத இடத்தில் சிம்பாகப் பெயர்ந்துவிடும். அரமோ சிறிது சிறிதாகவே மரத்தை உண்ணும். தவறு நேர்ந்தாலும் அத்தவறு ஒரு நூலிழை அளவே இருக்கும்; உடனே கண்டுகொண்டு நிறுத்திவிடலாம். இழையின் போக்கிற்குக் குறுக்காகவும் அது வேலை செய்யும். இக்காரணங்களால், புதிதாகக் கைவேலை தொடங்குபவருக்கு அரத்தைக் காட்டிலும் பொறுமை மிக்க ஆசிரியர் இல்லை எனலாம்.

தமிழில் அரம் என்னும் ஒரே சொல் இரண்டு வெவ்வேறு கருவிகளைக் குறித்து வருகிறது. இரும்பை அராவுவதற்குரிய அரத்தின் முகத்தில், உளியால் கீறியது போன்ற நீண்ட வரிகள் சாய்வாக ஓடும். ஒவ்வொரு வரியும் ஒரு வெட்டு முனை. மரத்திற்குரிய அரத்தில் வரிகள் இல்லை. தனித்தனியே எழுந்து நிற்கும் பற்களே உண்டு. பலாப்பழத்தின் தோலை மிகச் சிறியதாக எண்ணிக்கொண்டால் ஏறக்குறைய அதன் தோற்றம் கிடைக்கும். ஆங்கிலத்தில் முன்னதை ஃபைல் என்றும், பின்னதை ராஸ்ப் என்றும் பிரித்து வழங்குவர். நம் பக்கத்துத் தச்சர்கள் பின்னதை மர அரம் என்பர். ராஸ்ப் என்ற சொல்லும் கடைகளில் பரவிவிட்டது. இரும்பு அரத்தைக் கொண்டு பச்சைக் கட்டையை அராவினால், ஐந்து நிமிடத்தில் வரிகளுக்கிடையே மரத்தூள் அடைத்து, கருவி கண்ணாடி போல வழுக்கத் தொடங்கும். மர அரத்தின் பற்களிடையே இடைவெளி மிகுதி. ஆகவே தூள் உதிர்ந்துவிடும்.

சொற்களைப் பற்றி இங்கே சிறிது கூற வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அதில் ஒரு சபலம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். கேரளத்தில் உள்ளவர்களுக்குக் கவலையில்லை. அங்கும் அரம் அரமே. கன்னட நாட்டில் ‘அர’ என்றால் போதும். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் ‘ஆகுராயி’ என்பர். மராட்டியத்திலும் குஜராத்தியிலும் ‘கானஸ்’. வங்காளத்தில் ‘உகோ’ அல்லது ‘உகா’. இந்தியில் ‘ரேத்தி’. இந்த ரேத்திக்கு மணல் என்ற பொருளும் உண்டு. நாம் முதன்முதலில், குடியிருப்புக்கு அருகில் கட்டடச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் சென்று ரேத்தி வேண்டும் என்று கேட்டபோது, எத்தனை மூட்டை என்று கேட்டார் கடைக்காரர். பிறகு கையை முன்னும் பின்னும் அசைத்துக் காட்டிய பின் அவர் சிரித்துக்கொண்டே ஓர் அரத்தை எடுத்து வைத்தார். அதுவும் இரும்பு அரமாக இருந்தது. ஆகவே எந்த மாநிலமாயினும், ‘மரத்திற்கு’ என்று அந்த ஊர் மொழியில் முன்னால் சேர்த்துச் சொல்லி, ராஸ்ப் என்ற சொல்லையும் தொடர்ந்து சொல்லுவதே நலம். இந்தியில் ‘லக்கடீ கீ ரேத்தி’ என்று கேட்க வேண்டும்.

பற்கள் எவ்வாறு உண்டாகின்றன என்பதை அறிந்துகொண்டால், விலை வேறுபாட்டின் காரணம் தானே விளங்கும். முதலில் எஃகுப் பட்டையைக் காய்ச்சி மெதுவாகக் குளிரவைத்து இளக்குவர். பின்னர் கூர்நுனி கொண்ட ஒரு துளையுளியைச் சாய்வாக வைத்துச் சுத்தியலால் ஓர் அடி அடித்தால், நுனி புதைந்த இடத்திற்கு முன்னால் எஃகு மேலெழும்பி ஒரு பல்லாக நிற்கும். அடுத்த அடிக்கு அடுத்த பல். இப்படிப் பல ஆயிரம் பற்களைக் கொத்திய பின், மீண்டும் காய்ச்சித் தோய்த்து எஃகைக் கடினமாக்குவர். அரம் வெட்டும் இயந்திரம் ஒன்றை லியொனார்டோ டா வின்சி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வரைந்து வைத்திருக்கிறார். எனினும் பல்லைக் கையால் கொத்தும் தொழில் இன்றும் அழிந்துவிடவில்லை. பிரான்சு நாட்டில் ஓரியூ, லியோழியே ஆகிய பட்டறைகளில் இன்றும் ஒவ்வொரு பல்லாகக் கையால் கொத்துகிறார்கள். பற்களின் நெருக்கத்தை அவர்கள் 1 முதல் 15 வரை எண்களால் குறிப்பர். 1 மிக முரடானது, 15 மிக நுண்ணியது.

கையால் கொத்தியதற்கு அத்துணைப் பெருமை ஏன் என்று கேட்கலாம். மனிதனுடைய கை எவ்வளவு பழகினும் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள இடைவெளியை அணுவளவும் பிசகாமல் வைக்க இயலாது. அந்தப் பிசகே இங்கு நன்மை. பற்கள் அணிவகுத்த படைவீரரைப் போல வரிசையாக நின்றால், முன் சென்ற பல் கீறிய பள்ளத்திலேயே பின்வரும் பல்லும் செல்லும். மரத்தில் உழவுசால் போன்ற கோடுகள் விழும். அரம் கையில் அதிரும். பற்கள் முன்பின்னாக நின்றாலோ, ஒரு பல் விட்டுச் சென்ற மேட்டை அடுத்த பல் எடுத்துவிடும். முகம் சமமாக வரும். 1864-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் நிக்கல்சன் நிறுவனம், இயந்திரத்தைக் கொண்டே பற்களை ஒழுங்கு கலைத்து அமைத்து, 49, 50 என்ற எண்களில் விற்ற அரங்கள் மேனாட்டு மேசை நாற்காலித் தச்சரிடையே நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தன.

இனி விலைக்கு வருவோம். பிரெஞ்சுக் கையரம் ஒன்றை வரவழைக்க, சுங்கமும் அஞ்சலும் சேராமலே நூறு யூரோவை ஒட்டிச் செலவாகும். வீணையோ வயலினோ செய்து பிழைப்பவருக்கு அது தகும். வீட்டில் ஆண்டுக்கு நான்கு முறை கருவியைத் தொடுபவர் அதனை வாங்குவது, கல்யாண வீட்டுக்குப் போய்வர யானை வாங்கிக் கட்டுவதை ஒக்கும். நம் நாட்டிலேயே இயந்திரத்தால் செய்த நல்ல மர அரங்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மகாராஷ்டிரத்துக் கொங்கணக் கரையில் இரத்தினகிரி, சிப்ளூண் முதலிய ஊர்களில் ஆலை வைத்து அரம் செய்து வந்துள்ள ஜே.கே. நிறுவனம் உலகச் சந்தையிலேயே பெரிய பெயர்களுள் ஒன்று. எஃகின் கடினத்தைப் பொறுத்தவரை இத்தகைய பெயர் பெற்ற தயாரிப்புகளில் குறை காண்பது அரிது. அவற்றின் பற்கள் வரிசையாக இருப்பதால் மரத்தில் கோடு விழும் என்பதொன்றே குறை. அக்குறையைப் போக்கும் வழி விலையுயர்ந்த அரம் வாங்குவதன்று. இரண்டாவதாக ஓர் இரும்பு அரம் வாங்குவதே. மர அரத்தால் உருவத்தைக் கொண்டுவந்துவிட்டு, அது விட்ட தழும்புகளை அதே வடிவுள்ள இரும்பு அரத்தால் வழித்துவிட்டால், முடிவில் கையரத்தின் முகத்திற்கு மிக அருகில் வந்துவிடலாம். இரண்டு அரங்களும் சேர்ந்தும் பிரெஞ்சு அரத்தின் விலையில் ஒரு சிறு பங்கே ஆகும். சற்று அதிகமாகத் தோள் வலிக்கும், அவ்வளவே.

இந்த உண்மையை நாம் எளிதில் அறிந்துகொள்ளவில்லை. முதலில் வாங்கியது ஐந்து அரங்கள் அடங்கிய ஒரு தொகுதி. பிளாஸ்டிக் உறையில், சிவந்த பிடிகளோடு, பார்ப்பதற்குக் கவர்ச்சியாக இருந்தது. விலை முந்நூறு ரூபாய்க்கும் குறைவு. ஐந்து கருவிகள் முந்நூறு ரூபாய்க்கு என்னும்போது கணக்கு நமக்குச் சாதகமாகவே தோன்றியது. கீர்த்தி நகர் மரச் சந்தையில் தேர்ந்தெடுத்த ஒரு சீஷம் கட்டையை அதனால் அராவத் தொடங்கினோம். சீஷம் என்பது நம் பக்கத்து ஈட்டி மரத்திற்கு உடன்பிறப்புப் போன்றது, கெட்டியானது. அரைமணி நேரத்தில் பற்களின் மேலிருந்த கறுப்பு வண்ணம் உதிர்ந்தது. அதன் கீழே பற்களின் நுனி மழுங்கிப் பளபளத்தது. அரம் வெட்டாததால் அதிகமாக அழுத்தினோம். அழுத்தியதால் அது துள்ளி, பிடியின் கழுத்தில் ஆழமான ஒரு வடுவைக் கீறிவிட்டது. அந்த வடுவை எடுக்க முயன்றால் கழுத்து மெலிந்துவிடும். முழு உடலின் பாரத்தையும் தாங்க வேண்டிய கழுத்து அது. கட்டையை ஒதுக்கி வைத்துவிட்டோம். அந்தப் பத்து நாட்களும் தந்தையார் பலகணியருகில் உட்கார்ந்து, கீழே செல்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முறை சாவ்ரி பஜாருக்குச் சென்றோம். மும்பையில் உள்ளோர் நாக்தேவி தெருவிலும், பெங்களூரில் உள்ளோர் எஸ்.ஜே.பி. சாலையிலும், ஐதராபாத்தை ஒட்டி வாழ்வோர் இராணிகஞ்சிலும் இத்தகைய கருவிக் கடைகளைக் காண்பர். இக்கடைகளில் கூட்டம் மிகுதி. கடைக்காரருக்குப் பொறுமை குறைவு. ஆகவே என்ன வேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்துக்கொண்டு செல்ல வேண்டும்.

ஒரே ஓர் அரம் வாங்குவதாயின் அரைவட்ட அரமே வாங்குக. அதன் ஒரு முகம் தட்டை, மறுமுகம் வளைவு. புடைத்த பகுதிகளைத் தட்டை முகத்தாலும், குழிந்த பகுதிகளை வளைந்த முகத்தாலும் அராவலாம். தட்டை அரம், உருண்டை அரம் ஆகிய இரண்டின் வேலையையும் அது பெரும்பாலும் செய்துவிடும். நீளம் 10 அங்குலம், அதாவது 250 மில்லிமீட்டர் இருக்கட்டும். இந்த அளவில் பிடிக்குள் செல்லும் வால் சேராது. பல்லுள்ள உடலையே அளப்பர். 12 அங்குல அரம் சிறு வேலைக்குப் பெரிது. கரண்டிக் காம்பு போன்ற நுண்ணிய வேலைகளே செய்வோர் 8 அங்குலம் வாங்கலாம். பல்லின் தரத்தைப் பாஸ்டர்டு, செகண்ட் கட், ஸ்மூத் என்று முரட்டிலிருந்து மென்மை நோக்கி மூன்றாகச் சொல்லுவார்கள். மர அரத்திற்குச் செகண்ட் கட் கிடைத்தால் அதுவே நடுநிலையானது. கிடைக்காவிடில் பாஸ்டர்டு வாங்கினாலும் குற்றமில்லை. துணைக்கு வாங்கும் இரும்பு அரம் அதே அரைவட்ட வடிவில், செகண்ட் கட் தரத்தில் இருக்க வேண்டும்.

கடையில் கருவியைக் கையில் எடுத்தவுடன் வெளிச்சத்திற்குச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நல்ல பல்லின் நுனியில் ஒளி தங்காது. அது ஒரு புள்ளியாக மறைந்துவிடும். மழுங்கிய நுனியில் வெண்மையாக ஒரு பொட்டு மின்னும். வண்ணம் பூசிய அரத்தில் இதனைக் காண முடியாதாகையால், நாம் வண்ணம் பூசியதைத் தொடுவதில்லை. அரைவட்ட அரத்தின் இரு ஓரங்கள் வரையில் பற்கள் நெருங்கி வந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் பல்லில்லாத பட்டை அகலமாக இருந்தால் மூலை முடுக்குகளில் அது வெட்டாது. கண்ணருகே நீட்டிப் பிடித்து, உடல் முறுக்கேறாமல் நேராக இருக்கிறதா என்றும் நோக்குக. வாலைப் பிடித்துத் தொங்கவிட்டு, மற்றோர் இரும்பால் மெல்லத் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். கரகரவென்று ஒலித்தால் எங்கோ வெடிப்பு உண்டு. துருப் படிந்தது எவ்வளவு மலிவாயினும் வேண்டா. எல்லாவற்றிலும் சிறந்த சோதனை, சட்டைப்பையில் ஒரு துண்டுக் கட்டையைக் கொண்டு செல்வதுதான். கடைக்காரர் முகம் சுளித்தாலும், இரண்டு இழுப்புக்கு யாரும் மறுப்பதில்லை. நமக்குக் கடைக்காரரே கட்டையைப் பிடித்துக் கொடுத்தார்.

சந்தையில் வேறு சில வடிவங்களும் உண்டு. நான்கு முகம் கொண்ட 8 அங்குலத் துண்டு ஒன்று செருப்புத் தைப்பவர்களிடம் காணப்படும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் அரைவட்டம். ஒவ்வொன்றிலும் பாதி மர அரம், பாதி இரும்பு அரம். விலை மலிவு, சமையலறை இழுப்பறையில் ஒன்று கிடப்பது நல்லதே. பிடியில்லாமையால் நெடுநேரம் வேலை செய்யக் கை நோகும். ஜப்பானியர் கண்டுபிடித்த இரம்ப அரம் ஒன்று உளது. இரும்பு அறுக்கும் இரம்பத் தகடுகளை வலை போல வளைத்து ஒன்றோடொன்று தறைந்து செய்தது. ஒரு முகம் முரடு, மறுமுகம் மென்மை. இடையிடையே திறந்த கண்கள் இருப்பதால் தூள் அடைப்பதே இல்லை. விரைவாக வெட்டுவதில் இதற்கு நிகரில்லை. அதே மாதிரியில் செய்தவை இப்போது மலிவாகவும் வருகின்றன. ஆனால் அது முற்றிலும் தட்டையானது; குழிவான பகுதிக்கு உதவாது. கட்டையைச் சுருக்கமாகக் கரடுமுரடாக உருவாக்க விரும்புவோர், அரைவட்ட அரத்திற்கு அடுத்தபடியாக வாங்கத் தக்கது இதுவே. தேங்காய்த் துருவி போலத் துளையிட்ட தகட்டைச் சட்டத்தில் பூட்டிய சர்ஃபார்ம் என்னும் கருவி மென்மரத்திற்கு நன்று, சீஷத்திற்கு அன்று. இந்தத் துருவி உவமை வெறும் உவமையன்று. மைக்ரோபிளேன் என்ற மெல்லிய மர அரம் ஒன்றை 1990-களில் கனடாவில் ஒரு குடும்பத் தலைவி எடுத்து ஆரஞ்சுத் தோலைத் துருவிப் பார்க்க, அது அன்று முதல் சமையற் கருவியாகவே உலகப் புகழ் பெற்றுவிட்டது.

அரத்தோடு ஒரு மரப் பிடியும் வாங்க மறவாதீர்கள். பல அரங்கள் பிடியில்லாமலே விற்கப்படுகின்றன. சில ரூபாய் மிச்சம் என்று எண்ணி வெறும் வாலைப் பிடித்து வேலை செய்பவர் உண்டு. அரம் ஒரு முறை எதிர்பாராமல் தடைபட்டு நின்றால், அந்தக் கூரிய வால் உள்ளங்கையில் ஏறிவிடும். தையல் போட ஆகும் செலவில் பத்துப் பிடிகள் வாங்கலாம்.

இனி, அதனைப் பயன்படுத்தும் முறை. கைத்தடியின் பிடிக்கு மரம் தேர்வதில் ஒன்றே ஒன்று முக்கியம்: மரத்தின் இழை, பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால், எவ்வளவு அழகாக அராவினாலும் ஒருநாள் பாரம் தாங்காமல் முறியும். முறியும்போது பிடித்திருப்பவரையும் வீழ்த்தும். தடியின் தண்டு நுழையும் துளையை நாமே இடத் துணியவில்லை. அதனை ஒரு தச்சரிடம் கொடுத்துத் துளைத்து வாங்கினோம். அந்தச் சிறு வேலைக்கு அவர் மறுக்கவில்லை. துளை இட்ட பின்னரே அராவ வேண்டும். வழவழப்பான உருண்டைக் கட்டையில் நேரான துளை இடுவது கடினம்.

கட்டையை அசையாமல் இறுக்கிக்கொள்ளாவிட்டால் எந்த அரமும் பயன்படாது. பட்டறை இடுக்கி இல்லாதவர்கள் ஜி வடிவ இறுக்கி ஒன்றால் பலகணியின் கெட்டியான மரச்சட்டத்திலோ மேசை விளிம்பிலோ பழந்துணி சுற்றி இறுக்கலாம். ஒரு கை பிடியில், மறுகை அரத்தின் நுனியில். அரம் முன்னே செல்லும்போது மட்டுமே வெட்டும். திரும்பி வரும்போது அழுத்தினால் பல் மழுங்குமேயன்றி ஒரு துகளும் உதிராது. ஆகையால் சற்றே தூக்கிக்கொண்டு பின்னிழுக்க வேண்டும். நேர்க்கோட்டில் தள்ளாமல் சிறிது பக்கவாட்டிலும் நகர்த்தித் தள்ளினால் கோடுகள் ஆழமாக விழா. ஒரே திசையில் பத்து முறை, பின்னர் அதற்குக் குறுக்காகப் பத்து முறை என்று மாற்றிக்கொண்டே இருப்பின் இயந்திர அரத்தின் குறை பாதி மறைந்துவிடும். விளிம்பைத் தாண்டித் தள்ளும்போது எதிர்ப்புறத்து ஓரம் சிம்பாகப் பெயரும். ஆகவே இரு விளிம்புகளிலிருந்தும் நடுவை நோக்கியே அராவுக.

சதுரக் கட்டையை உருட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் நான்கு முனைகளையும் சமமாகக் குறைத்து எண்பட்டையாக்க வேண்டும். பின்னர் எட்டு முனைகளையும் குறைத்துப் பதினாறு பட்டையாக்க வேண்டும். அதன் பிறகே உருட்டுதல். தொடக்கத்திலேயே உருட்டப் புகுந்தால் முட்டையும் அல்லாத, உருளையும் அல்லாத ஒன்று கிடைக்கும். நம்மிடம் அப்படி ஒன்று இருக்கிறது. வேலை செய்யும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம். சீஷம், ஈட்டி இனத்து மரத்தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் தும்மலையும் உண்டாக்கும். குழந்தைகள் விளையாடும் அறையில் அராவ வேண்டா.

உருவம் ஏறக்குறைய வந்ததும், வேண்டிய அளவைக் காட்டிலும் ஒரு மில்லிமீட்டர் பருமன் மிச்சமிருக்கையில் மர அரத்தை நிறுத்திவிட வேண்டும். அந்த ஒரு மில்லிமீட்டர் இரும்பு அரத்திற்கும் உப்புத்தாளுக்கும் உரியது. உப்புத்தாளில் 80, 120, 180 என்ற வரிசையில் செல்வது போதும். மேலே ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று முறை தடவி உலரவிட்டால் மரம் நிறம் பெறும், பிடிக்கவும் வழுக்காது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் கூடையில் எறிந்துவிடக் கூடாது. அது தானே சூடேறித் தீப்பற்றக் கூடியது. விரித்துப் போட்டு உலர்த்திய பின்னரே எறிய வேண்டும்.

எங்கள் பிடி உருப்பெறப் பதினொரு மாலைகள் ஆயின. ஒவ்வொரு மாலையும் தந்தையாரின் கையில் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னோம். கடைப் பிடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு காரியத்தில்தான் இருந்தது. உள்ளங்கையில் சிறிது கரித்தூளைத் தடவிக்கொண்டு அவர் பிடித்தால், அழுத்தம் மிகுந்த இடத்தில் கறை படியும்; அந்த இடத்தை நான்கு இழுப்புக் குறைப்போம். மடங்கிய கட்டைவிரல் தங்குவதற்கு ஒரு குழிவு வேண்டியிருந்தது. அதனை அரைவட்ட முகத்தின் குறுகிய நுனியாலேயே எடுக்க முடிந்தது. ஒன்பதாம் மாலை, “இந்த இடத்துல இன்னும் கொஞ்சம் எடுப்பா” என்றார். எடுத்தோம். மறுநாளும் அதே இடத்தைக் காட்டினார். பதினோராம் மாலை ஒன்றும் சொல்லாமல் தடியை ஊன்றிக்கொண்டு வாசற்படி வரை நடந்து சென்று, அங்கே இருந்த செருப்பில் காலை நுழைத்தார்.

தடியின் உயரத்தையும் அன்றே சரிபார்த்தோம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு வரையில் பிடி வர வேண்டும் என்பது கணக்கு. பழைய தடி அதனினும் இரண்டு அங்குலம் உயரமாக இருந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளும் யாரும் கவனிக்கவில்லை. அடியில் மாட்டும் ரப்பர்க் குமிழ் தேய்ந்தவுடன் மாற்ற வேண்டும்.

அரத்தைப் பேணுவது கடினமன்று. வேலை தொடங்குமுன் வெண்கட்டியைப் பல்லின் மேல் தேய்த்துக்கொண்டால் தூள் ஒட்டுவது குறையும். வேலை முடிந்ததும் பழைய பல் துலக்கும் தூரிகையாலோ மெல்லிய பித்தளைத் தூரிகையாலோ, பற்களின் வரிசை செல்லும் போக்கில் துடைத்துவிட வேண்டும். எஃகுக் கம்பித் தூரிகை மர அரத்தின் நுனிகளைக் கெடுத்துவிடும். இரும்பு அரத்திற்கு மட்டும் அது ஏற்றது. பிசின் படிந்து இறுகிவிட்டால் வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்துத் துலக்கி, உடனே துடைத்து, வெயிலிலோ அடுப்பருகிலோ முழுதும் உலர்த்துக. மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம் போன்ற கடற்கரை நகரங்களில் மழைக்காலத்திற்கு முன்பு ஒரு துளி எண்ணெய் தொட்ட துணியால் ஒற்றி வைப்பது நன்று. ஆனால் மறுமுறை வேலைக்கு எடுக்கும்போது அந்த எண்ணெயை நன்கு துடைத்துவிட வேண்டும், இல்லையேல் கட்டையில் கறை படியும். எல்லாக் கருவிகளையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கினால் பல்லோடு பல் மோதி, ஒரு வாரத்தில் இரண்டும் மழுங்கும். தடித்த துணியில் தனித்தனி அறைகளாகத் தைத்துச் சுருட்டி வைக்கலாம். பழைய ஜமுக்காளத்தின் ஒரு முழம் அதற்குப் போதும். பழைய சட்டங்களை அராவுமுன் ஆணி ஏதும் உள்ளே புதைந்திருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஆணித் தலையின் மேல் ஒருமுறை ஓடினால், அந்த வரியிலுள்ள பற்கள் போயின. அப்படி மழுங்கிய அரத்தையும் எறிய வேண்டுவதில்லை. மாம்பலகை போன்ற மென்மரத்திற்கும், சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்புக் காரையைச் சமன் செய்வதற்கும் அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.